எப்போதும் வெல்லும் யந்திரம் எது?

தூத்துக்குடியிலிருந்து மதுரைக்குப் போகும் நெடுஞ்சாலையில், எட்டயபுரத்துக்கு முன்னால் ஓர் ஊர். எப்போதும்வென்றான் என்று பெயர். பெயரைக் கேட்டாலே ஒரு மிடுக்கு! சுற்றிலும் கரிசல் காடு. மழை பெய்தால் காலைப் பிடித்துக்கொள்ளும். வெயில் அடித்தால் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அந்தக் காட்டின் நடுவே இரவும் பகலும் லாரிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. துறைமுகத்துக்குப் போகும் சரக்கு, துறைமுகத்திலிருந்து வரும் சரக்கு.

அந்த லாரிகளில் ஒன்று கிடங்கு வாசலில் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். டிரைவர் தயார். சரக்கும் ஏற்றியாகிவிட்டது. டயரில் காற்று இருக்கிறது. டாங்கியில் டீசலும் இருக்கிறது. ஆனாலும் வண்டி நகராது. ஏன்? பில் வரவில்லை!

முன்பெல்லாம் கணக்கப்பிள்ளை ஒரு சீட்டில் கிறுக்கிக் கொடுத்தால் போதும். 2018-ஆம் ஆண்டில் ‘இ-வே பில்’ வந்தது. 2023 ஆகஸ்டு முதல், ஆண்டுக்கு 5 கோடி ரூபாய்க்கு மேல் வியாபாரம் செய்பவர்கள், மற்ற வியாபாரிகளுக்கு விற்கும் சரக்குக்கு மின்னணு முறையில்தான் பில் போடவேண்டும் என்று ஆகிவிட்டது. கம்ப்யூட்டர் படுத்தால் லாரியும் படுத்துவிடும். துறைமுகத்தில் கப்பல் காத்திருக்குமா?

ஆகவே, இந்தக் கரிசல் சீமையில் தீப்பெட்டி ஆலை நடத்துகிறவர்களும், பஞ்சாலை முதலாளிகளும், கடலை மிட்டாயை ஊர் ஊராக அனுப்புகிறவர்களும்கூட இன்று ஒரு கேள்விக்குப் பதில் தேடவேண்டியிருக்கிறது. எந்த ‘சர்வர்’ வாங்குவது?

தோசை கொண்டுவருபவர் அல்ல!

சர்வர் என்றதும் ஓட்டலில் தோசை கொண்டுவந்து வைப்பவர்தான் நம்மவர்களுக்கு நினைவு வரும். அந்த நினைவில் தவறு ஒன்றும் இல்லை. பத்து மேஜையில் பத்துப் பேர் பத்துவிதமாகக் கேட்பார்கள். யார் கேட்டது எது என்று மறக்காமல் சமையல்கட்டிலிருந்து எடுத்துவந்து அவரவர் முன்னால் வைக்கவேண்டும். கம்ப்யூட்டர் சர்வரின் வேலையும் இதேதான். பில் போடும் பையன், கணக்கு எழுதும் அம்மாள், கிடங்கில் சரக்கு எண்ணுபவர் எல்லோருடைய கம்ப்யூட்டரும் இந்த ஒரு யந்திரத்தைத்தான் கேட்கின்றன.

இந்த யந்திரங்களை இரும்புச் சட்டத்தில் அடுக்கி வைப்பதற்கு ‘ராக்’ என்று பெயர். அலமாரித் தட்டுப் போல, சட்டத்தின் அகலம் 19 அங்குலம். இந்த அளவு நேற்று வந்ததல்ல. 1920-களில் அமெரிக்க டெலிபோன் கம்பெனி தன் சாதனங்களை மாட்டுவதற்கு வகுத்த அளவு. நூறு ஆண்டுகளாக உலகம் அதை மாற்றவில்லை. உயரத்தை ‘யு’ என்ற கணக்கில் சொல்கிறார்கள். ஒரு யு என்றால் ஒன்றே முக்கால் அங்குலம். முழு அலமாரி 42 யு. ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும்.

கோவில்பட்டியில் ஒரு பேரம்

இனி ஒரு கற்பனைக் காட்சி. கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆலை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி. எப்போதும்வென்றான் பக்கம் நெடுஞ்சாலையில் கிடங்கு. தூத்துக்குடியில் ஏற்றுமதி ஆபீஸ். மதுரையிலிருந்து சர்வர் கம்பெனி ஏஜெண்டு ஒருவர் வந்திருக்கிறார். மேஜைமேல் வழவழப்பான படப் புத்தகங்கள்.

“அண்ணாச்சி, இது ஒரு யு. மெலிசா இருக்கும். இடத்தை அடைக்காது. இதிலேயே ரெண்டு புராசசர் போட்டுத் தர்றோம். பறக்கும்!”

“பறக்கட்டும் தம்பி. என் பில்லு பறக்கணுமா, வரணுமா?”

அண்ணாச்சியின் கேள்வியில் விஷயம் இருக்கிறது. இந்த வட்டாரத்து மாட்டுவண்டிப் பந்தயங்களில் பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து ஓட்டுவார்கள். பந்தயத்தில் முதலாவது வந்த மாட்டைப் பருத்திப் பொதி வண்டியில் யாராவது பூட்டுவார்களா? வேலைக்குத் தக்க மாடு வேண்டும்.

ஒரு யு யந்திரத்தின் உயரம் ஒன்றே முக்கால் அங்குலம்தான் என்பதால், அதற்குள் வைக்கும் விசிறியும் சிறியதாகத்தான் இருக்கமுடியும். சுமார் 40 மில்லிமீட்டர் அகலம். சின்ன விசிறி போதுமான காற்றை இழுக்க, நிமிஷத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றவேண்டும். ஓயாத இரைச்சல், அதற்கு மின்சாரமும் அதிகம். இரண்டு யு யந்திரத்தில் பெரிய விசிறி, நிதானமாகச் சுற்றும். உள்ளே காற்று தாராளமாக ஓடும். ஹார்ட் டிஸ்க்குகளுக்கும் இடம் அதிகம்: ஒரு யுவில் பெரிய அளவு டிஸ்க் நாலு வைக்கலாம் என்றால் இரண்டு யுவில் பன்னிரண்டு வைக்கலாம்.

சென்னையில் அலமாரி வாடகைக்கு எடுப்பவருக்கு ஒவ்வோர் அங்குலமும் காசு. அவருக்கு ஒரு யு லாபம். கோவில்பட்டி அண்ணாச்சியின் அறையில் இருக்கப்போவது இரண்டு, மூன்று யந்திரங்கள்தான். அலமாரியில் முக்கால்வாசி காலியாகத்தான் கிடக்கும். இடத்தை மிச்சம்பிடித்து அவர் என்ன செய்யப்போகிறார்? ‘பிளேடு’ என்று இன்னொரு ஜாதி உண்டு. ஒரே பெட்டிக்குள் பத்துப் பதினாறு சர்வர்களைப் புத்தகம்போல் செருகுவது. பெரிய பாங்குகளுக்கு அது சரி. தீப்பெட்டி ஆலைக்கு ஆகாது.

சித்திரை வெயிலும் கந்தகக் காற்றும்

சர்வருக்குள் போகும் காற்றின் உஷ்ணம் 18 முதல் 27 டிகிரி வரை இருப்பது நல்லது என்கிறது அமெரிக்கக் குளிர்சாதனப் பொறியாளர் சங்கம். பெரும்பாலான யந்திரங்கள் 35 டிகிரி வரை தாங்கும். சில ரகங்கள் 40-ம் தாங்கும். வாங்கும்போது இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம். சித்திரை, வைகாசியில் கரிசல் காட்டில் நிழலிலேயே 38 டிகிரி காயும் நாட்கள் உண்டு.

ஏ.சி. போட்டால் போயிற்று என்பார்கள். மின்சாரம் நின்றால்? யு.பி.எஸ். பெட்டி சர்வரைத் தாங்கும், ஏ.சி.யைத் தாங்காது. சர்வர் ஓடிக்கொண்டே இருக்கும், அறை அடுப்பாகும். ஜெனரேட்டர் உடனே எடுத்துக்கொள்ளாவிட்டால் சில நிமிஷங்களில் உஷ்ணம் கிடுகிடுவென்று ஏறும். யு.பி.எஸ். பாட்டரிக்கும் உஷ்ணம் எமன். 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு எட்டு, பத்து டிகிரிக்கும் அதன் ஆயுள் பாதியாகக் குறைகிறது.

கணக்குப் பார்ப்போம். சராசரியாக 400 வாட் இழுக்கும் சர்வர் ஒரு நாளைக்கு 9.6 யூனிட் மின்சாரம் சாப்பிடும். ஆண்டுக்கு 3,504 யூனிட். அதைக் குளிர்விக்கும் ஏ.சி.யின் தீனி தனி. படப் புத்தகத்தில் போட்டிருக்கும் விலையோடு இந்தச் செலவையும் ஐந்து ஆண்டுக்குப் பெருக்கிக் கூட்டினால்தான் உண்மை விலை தெரியும்.

தீப்பெட்டி ஊருக்கென்று ஒரு தனிக் கஷ்டமும் உண்டு. கந்தகம்! வெள்ளிக் கொலுசு கறுத்துப்போவது பெண்களுக்குத் தெரியும். காற்றில் கலந்த கந்தகப் பொருள் வெள்ளியையும் செம்பையும் தின்கிறது. சர்வரின் உள்ளே ஓடுவது செம்புக் கம்பிகள்தான். 2006-ல் ஐரோப்பா மின்னணுச் சாதனங்களில் ஈயத்துக்குத் தடை போட்டபின், பல பலகைகளுக்கு வெள்ளிப் பூச்சு வந்தது. கந்தகத்துக்கு அது இன்னும் கொண்டாட்டமாகிவிட்டது. தூத்துக்குடிப் பக்கம் உப்புக் காற்று வேறு. மருந்து முக்கும் கொட்டகைக்குப் பக்கத்து அறையில் லட்ச ரூபாய் சர்வரை வைப்பது, கொலுசைக் கந்தகத்தில் புதைப்பதற்குச் சமம். அறை தள்ளி இருக்கவேண்டும். கதவு சந்தில்லாமல் மூடவேண்டும். பஞ்சும் புழுதியும் உள்ளே போகாமல் வடிகட்டி வேண்டும்.

மண்ணும் சோதிக்கும். கரிசல் மண் ஈரமாக இருந்தால் மின்சாரத்தை நன்றாகத் தரைக்குள் வாங்கும். கோடையில் வெடித்துக் காய்ந்தால் வாங்காது. ‘எர்த்’ குழி சரியில்லாவிட்டால் ஓர் இடி போதும், பலகை கருகிவிட. குழியில் கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றும் பழைய வழக்கத்தைப் பல இடங்களில் மறந்துவிட்டார்கள். சர்வர் வாங்குமுன் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தை அளந்து பார்ப்பது, இரண்டாவது புராசசர் வாங்குவதைவிட உபயோகமான செலவு.

தலைக்கு ஒரு வரி

“சரி அண்ணாச்சி, ரெண்டு யுவே எடுத்துக்கங்க. புராசசர் எது போடட்டும்? இன்டெல்லா, ஏ.எம்.டி.யா? அறுபத்துநாலு கோர் வரைக்கும் இருக்கு.”

கோர் என்பது மூளைக்குள் மூளை. 2017-ல் ஏ.எம்.டி. கம்பெனி ‘எபிக்’ ரகத்தை 32 கோருடன் கொண்டுவந்தது முதல் போட்டி சூடுபிடித்தது. 2024-ல் ஒரே சில்லில் 192 கோர் வரை போய்விட்டார்கள். பில் போடுவதற்கு இத்தனை மூளை எதற்கு என்பது ஒருபுறம். மறுபுறம், யந்திரம் விற்பவர் ஒருவர். அதற்குள் ஓடும் புரோகிராம் விற்பவர் வேறொருவர். அவர் கோர் கணக்கில்தான் காசு கேட்கிறார். தலைவரி மாதிரி!

விண்டோஸ் சர்வர் வாங்கினால் ஒரு யந்திரத்துக்குக் குறைந்தது 16 கோருக்கு லைசென்ஸ் எடுக்கவேண்டும். கோர் அதற்கு மேல் போனால் பணமும் மேலே போகும். ஆகவே, 16 கோர் உள்ள ஒரே புராசசர், நடுத்தர வியாபாரிக்கு நல்ல இடம். இன்னொரு புராசசர் போட வழி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

மிச்சமாகும் பணத்தை நினைவகத்தில் போடலாம். ஆனால் அங்கும் ஓர் இடி. உலகமெங்கும் செயற்கை அறிவு யந்திரங்களுக்குச் சில்லுகள் அள்ளிக்கொண்டு போகப்பட்டதால், 2025 இறுதியில் நினைவகத்தின் விலை மளமளவென்று ஏறியது. யாரோ எங்கோ கம்ப்யூட்டரோடு பேசி விளையாடினால், கோவில்பட்டியில் பில்லுக்கு விலை ஏறுகிறது!

வாடகையா, சொந்தமா?

“எதுக்கு அண்ணாச்சி இந்தத் தொல்லை எல்லாம்? யந்திரமே வேண்டாம். மாச வாடகைக்கு எடுத்துக்கலாமே?” என்று ஏஜெண்டே ஒரு வழி சொல்லக்கூடும். உண்மைதான். மைக்ரோசாப்ட் கம்பெனி 2015-ல் சென்னையிலேயே கடை விரித்தது. அமேசான் 2016-ல் மும்பையில் விரித்தது. சர்வர் எங்கோ இருக்கும். நாம் கம்பி வழியாக உபயோகித்துக்கொண்டு காசு கட்டலாம்.

எப்போதும்வென்றான் இருக்கும் ஒட்டப்பிடாரம் வட்டாரத்துக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது முதலில் வாடகைக் கப்பலைத்தான் நம்பினார். வெள்ளைக்காரக் கம்பெனி மிரட்டியது. வாடகைக்கு விட்டவர் கப்பலைத் திருப்பி எடுத்துக்கொண்டார். பயணிகள் துறைமுகத்தில் காத்திருக்க, கப்பல் இல்லை! அதன்பின்தான் வ. உ. சி. அலைந்து திரிந்து ‘காலியா’, ‘லாவோ’ என்ற கப்பல்களைச் சொந்தமாகக் கொண்டுவந்தார். சொந்தக் கப்பலும் கம்பெனியைக் காப்பாற்றிவிடவில்லை. கட்டணப் போட்டியும் சிறையும் சேர்ந்து, 1911-ல் கம்பெனியே கலைந்தது.

வாடகை எப்போது வேண்டுமானாலும் மாறும் என்பதற்குப் புது உதாரணமும் உண்டு. ஒரு சர்வரைப் பல சர்வராகப் பிரித்து ஓட்ட உதவும் ‘விஎம்வேர்’ புரோகிராமை உலகமெங்கும் உபயோகித்தார்கள். 2023 நவம்பரில் அந்தக் கம்பெனியை பிராட்காம் வாங்கியது. ஒருமுறை பணம் கட்டி என்றென்றைக்கும் வைத்துக்கொள்ளும் லைசென்ஸ் விற்பனை அடுத்த மாதமே நின்றது. இனிமேல் சந்தாதான் என்றார்கள்.

தென்காசிப் பக்கம் மத்தளம்பாறை கிராமத்தில் 2011 முதல் அலுவலகம் நடத்திவரும் ஜோஹோ கம்பெனி, வாடகைக் கடைகளை நம்பாமல் தன் சர்வர்களைத் தானே வைத்து நடத்துவதைக் கொள்கையாகவே வைத்திருக்கிறது. அதன் இந்திய சர்வர்கள் இருப்பது மத்தளம்பாறையில் அல்ல, சென்னையிலும் மும்பையிலும்! ஆட்கள் கிராமத்தில், யந்திரங்கள் நல்ல மின்சாரமும் நல்ல கம்பியும் உள்ள நகரத்தில். இது யோசிக்கத்தக்க ஏற்பாடு. கோவில்பட்டி அண்ணாச்சிக்கும் ஏறக்குறைய இதுவே பொருந்தும்: அன்றாட பில் வேலைக்குச் சொந்த யந்திரம் பக்கத்தில், நகல் மட்டும் தூரத்தில், வாடகைக்கு. ரோடு வேலையில் எவனாவது கம்பியை வெட்டிவிட்டாலும் லாரி நிற்காது.

ரிப்பேருக்கு யார் வருவார்?

பெயர் பெற்ற கம்பெனிகள் மூன்று நான்குதான். டெல், எச்.பி.இ., லெனோவா, சிஸ்கோ. ஒரே காசுக்கு ஏறக்குறைய ஒரே சரக்கு. லெனோவாவின் சரித்திரம் கொஞ்சம் ருசியானது. பெரிய கம்ப்யூட்டர்களால் இந்தியாவை ஆண்ட ஐ.பி.எம். கம்பெனி, அந்நிய முதலீட்டுச் சட்டத்தை ஒப்புக்கொள்ளாமல் 1978-ல் இந்தியாவை விட்டே போய்விட்டது. அதன் யந்திரங்களை வைத்திருந்தவர்கள் கதிகலங்கினார்கள். ரிப்பேருக்கு யார்? அந்தப் பொறுப்பை ஏற்றது சி.எம்.சி. என்ற அரசுக் கம்பெனி. பெயரிலேயே பராமரிப்பு! பின்னர் ஐ.பி.எம். தன் சாதாரண சர்வர் வியாபாரத்தை 2014-ல் லெனோவாவுக்கு விற்றது. 2024 செப்டம்பரில் லெனோவா, தன் புதுச்சேரி ஆலையில் ஆண்டுக்கு 50,000 ராக் சர்வர்கள் செய்யப்போவதாக அறிவித்தது. ஓடிப்போன குதிரை, வேறு சேணத்தோடு பக்கத்து ஊரிலேயே வந்து நிற்கிறது!

எங்கே செய்தார்கள் என்பது பெருமை. யார் வந்து பார்ப்பார்கள் என்பது பிழைப்பு. ‘நாலு மணி நேரத்தில் ஆள் வரும்’ என்ற ஒப்பந்தம் பெருநகரத்தில் செல்லும். மதுரையில் பவர் சப்ளை கையிருப்பு இல்லாவிட்டால் கோவில்பட்டியில் அந்த ஒப்பந்தம் வெறும் காகிதம். ஆகவே மூன்று ஏற்பாடுகளில் கஞ்சத்தனம் கூடாது. ஒன்று, யந்திரத்துக்கு இரண்டு பவர் சப்ளை. இரண்டையும் இரண்டு தனி யு.பி.எஸ்.ஸில் செருகவேண்டும். ஒரே பலகையில் இரண்டையும் செருகிவிட்டு ‘டபுள்’ என்று நிம்மதியாகத் தூங்குகிறவர்களும் இருக்கிறார்கள்! இரண்டு, தூரத்திலிருந்தே யந்திரத்தை நிறுத்தவும் போடவும் நோய் பார்க்கவும் வழி செய்யும் தனிச் சில்லு. டெல் அதை ‘ஐடிராக்’ என்கிறது, எச்.பி.இ. ‘ஐலோ’ என்கிறது. மூன்று, ஒரு உதிரி டிஸ்க் பீரோவிலேயே இருக்கவேண்டும்.

ரெய்டு பயம் வேண்டாம்

டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டும் முறைக்கு ‘ரெய்டு’ என்று பெயர். வருமான வரிக்காரர் செய்வதல்ல, வியாபாரிகள் பயப்படவேண்டாம். 1988-ல் அமெரிக்காவில் பெர்க்லி சர்வகலாசாலைக்காரர்கள் எழுதிக்காட்டிய முறை. ஒரு டிஸ்க் செத்தாலும் மற்றவை தாங்கும். ஆனால் அறையே மூழ்கினால்? அறையே எரிந்தால்?

2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி வீதிகளில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. கீழ்த்தளத்தில் இருந்தது எதுவானாலும் போயிற்று. வறண்ட சீமைக்கு வெள்ளம் வராது என்று இனி யாரும் சொல்லமுடியாது.

நெருப்பின் கதை தென் கொரியாவில் நடந்தது. 2025 செப்டம்பர் 26 அன்று, தேஜான் நகரத்தில் சர்க்காரின் தகவல் மையத்தில் பாட்டரி தீப்பிடித்தது. சுமார் ஒன்றேகால் லட்சம் அதிகாரிகள் தங்கள் வேலைக் கோப்புகளைப் போட்டு வைத்திருந்த 858 டெராபைட் களஞ்சியம் சாம்பலாகிவிட்டது. வெளியே நகல் இல்லை. அளவு பெரியதாக இருந்ததால் எடுக்கவில்லையாம்! உலகத்திலேயே கம்ப்யூட்டரில் கைதேர்ந்த தேசங்களில் ஒன்றுக்கு வந்த கதி இது.

நம் நாட்டில் கம்பெனிகளுக்குச் சட்டமே இருக்கிறது. 2022 ஆகஸ்டில் திருத்தப்பட்ட விதிப்படி, மின்னணுக் கணக்குப் புத்தகங்களின் நகல் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினந்தோறும் எடுத்து வைக்கப்படவேண்டும். நகல் எடுத்தால் மட்டும் தீராது; அது திறக்கிறதா என்று பார்த்தவர் எத்தனை பேர்?

அண்ணாச்சி படப் புத்தகத்தை மூடினார்.

“தம்பி, அந்தப் பெரிய யந்திரம் ஒண்ணு என்ன விலை சொன்னீங்க? அந்தக் காசுக்குச் சின்னதா ரெண்டு வருமா?”

“வரும் அண்ணாச்சி. ஒரு புராசசர், பதினாறு கோர். ரெண்டு யு. ஆனா வேகம்...”

“ஒண்ணு இங்கே மாடியில இருக்கட்டும். இன்னொண்ணு தூத்துக்குடி ஆபீஸ்ல, மூணாவது மாடியில. அதுல இருக்கறது இதுலயும் இருக்கணும். ராத்திரி ஒரு நகல் சென்னைக்குப் போகட்டும். எர்த்து அளக்க என்னிக்கு ஆள் அனுப்புறீங்க?”

“திங்கக்கிழமை அனுப்புறேன். அட்வான்ஸ்...”

“பாதி இப்போ. மீதி, யந்திரம் வந்து மாட்டின அன்னிக்கு. மாட்டினதும் லாரிக்குப் பில் போடுவோம். போட்டுக்கிட்டே இருக்கும்போது நான் ஒரு வயரைப் பிடுங்குவேன். பில் நிக்கக்கூடாது. அப்புறம் நீங்க சென்னை நகலைத் திறந்து போன மாசக் கணக்கை எனக்குக் காட்டணும். காட்டினீங்கன்னா செக்கு ரெடி.”

ஏஜெண்டு ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு பையிலிருந்து ஆர்டர் புத்தகத்தை எடுத்தார்.